எட்டும் எட்டும் எட்டாவது எப்படி?

வைகாசி மாதத்திலே மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவு திறக்கும். வழக்குரை படிக்கப்படும், உடுக்கும் சிலம்பும் ஒலிக்கும், நிறைவாகக் குளிர்த்தி நடைபெறும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் படுவான்கரையில் ஒரு கோயிலிலே, குளிர்த்திப் பாடல் தொடங்கிச் சில நிமிடங்களுள் ஒலிபெருக்கி ஊமையாயிற்று. முன்வரிசையில் இருந்தோர் பாடலைக் கேட்டனர். வெளிவீதியில் நின்ற நூற்றுக்கணக்கானோர் கேட்கவில்லை. ஒலிபெருக்கி பூட்டியவர் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர். கடன்பட்டு வாங்கிய விரியலாக்கி, அவர் சொல்லும் பெயரில் அம்பிளிபயர், அன்றிரவு எரிந்துபோயிற்று. அந்தப் பருவத்து வருவாயும் அதனோடு போயிற்று.

மறுநாட் காலை அவர் ஒலிபெருக்கிப் பெட்டியையும் ஒரு மீற்றரையும் சுமந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தார். “மாமா, பெட்டிக்குப் பின்னால எட்டு ஓம் என்று எழுதியிருக்கு. உள்ளுக்கு ரெண்டு ஸ்பீக்கர். ரெண்டிலயும் எட்டு என்றுதான் இருக்கு. ரெண்டு எட்டைச் சமாந்தரமாகக் கொழுவினால் நாலு வரணும். மீற்றர் வைத்துப் பார்த்தால் ஆறு காட்டுது. இதில எது மெய்?” என்று கேட்டார்.

கேள்வி எளியதன்று. எட்டு, நாலு, ஆறு என்னும் மூன்று எண்களுள் இரண்டு, தத்தம் அளவில், மெய்யே. ஒன்று மட்டும் பொய். விரியலாக்கி எரிந்ததற்குக் காரணம் இம்மூன்றில் எதுவும் அன்று. நாலாவதான ஓர் எண் அப்பெட்டிக்குள் மறைந்திருந்தது. அதனை இறுதியிற் காண்போம்.

முதலில் ஆறு. மீற்றருக்குள் இருப்பது சிறியதொரு மின்கலம். அது அனுப்புவது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். அவ்வோட்டம் ஒலிபெருக்கியின் குரற்சுருளிலுள்ள மெல்லிய செப்புக் கம்பியினூடே சென்று மீளும்போது அக்கம்பியின் தடையையே அளக்கிறது. எட்டு ஓம் என எழுதப்பெற்ற ஒலிபெருக்கியில் இத்தடை பெரும்பாலும் ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடைப்பட்டதாக இருக்கும். ஆகவே ஆறு என்பது குறையன்று, இயல்பு. ஆனால் இரண்டு சுருள்கள் இருக்க, மீற்றர் ஒன்றை மாத்திரம் கண்டது ஏன்? மற்றொன்றின் வழியில் ஒரு கொள்ளளவி நின்று நேரோட்டத்தை மறித்துவிட்டது. மீற்றரைப் பொறுத்தவரை அந்தச் சிறிய ஒலிபெருக்கி அப்பெட்டிக்குள் இல்லவேயில்லை. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னர் வேண்டப்படும்.

ஒலியோ நேரோட்டமன்று. மாத்தளத்தின் இடந்தலை செக்கனுக்கு நூறு முறையளவில் அதிரும். சல்லரியின் கலகலப்பிற் பல்லாயிரம் அதிர்வுகள் உண்டு. அதிர்வு எண்ணிக்கையை நம் பாடநூல்கள் மீடிறன் என்று கூறும். அதன் அலகு ஹேர்ட்ஸ். இவ்வாறு திசைமாறி ஆடும் ஓட்டத்துக்கு ஒரு சுற்றுக் காட்டும் மொத்த எதிர்ப்பே தடங்கல் எனப்படுவது. இதற்குரிய ஆங்கிலச் சொல்லை 1886ஆம் ஆண்டில் ஆக்கியவர், தந்திக் கம்பிகளை ஆராய்ந்த ஒலிவர் ஹெவிசைட் என்னும் ஆங்கிலேயர். தடையும் தடங்கலும் ஒரே அலகாகிய ஓமினால் அளக்கப்படுவதால் இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர். தடை மீடிறனோடு மாறுவதில்லை, தடங்கல் மாறும். வேறுபாடு இதுவே, ஆனால் எல்லாம் இதிலே அடங்கியிருக்கிறது.

தடங்கலை மாற்றும் பொருள்கள் இரண்டு: கம்பிச்சுருள் ஒன்று, கொள்ளளவி மற்றொன்று. வாவியில் நெல் மூட்டை ஏற்றிய தோணியைக் கையாற் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். மெல்லத் தள்ளினால் அசைந்துகொடுக்கும். விரைவாக ஆட்ட முயன்றால் அசையாது, கைதான் நோகும். சுருளின் குணம் இதுவே. மீடிறன் உயர உயர அது வழிவிட மறுக்கும். கொள்ளளவியோ மாத்தளத்தின் தோலைப் போன்றது. தோலின்மேல் எவ்வளவு நேரம் ஊதினாலும் காற்று மறுபுறம் போகாது. தட்டினால் அதிர்வு மறுபுறம் போய்விடும். நேரோட்டத்துக்கு அடைத்த கதவு, தாழ்ந்த மீடிறனுக்கு ஒருக்களித்த கதவு, உயர்ந்த மீடிறனுக்குத் திறந்த கதவு.

இவற்றை ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் ஏன் வைக்கிறார்கள்? தடித்த ஒலியைத் தருவதற்கு அகன்ற கூம்பு வேண்டும். நுண்ணொலியைத் தருவதற்கு இலேசான சிறு முகடு வேண்டும். ஒரே கூம்பு இரண்டையும் செவ்வனே செய்யாது. ரைஸ், கெலொக் என்னும் இரு அமெரிக்கர் சுருளும் கூம்பும் கொண்ட இன்றைய ஒலிபெருக்கியின் முன்னோடியை 1925இல் வெளியிட்டனர். 1930களில், பேசும் படம் காட்டும் பெரிய அரங்குகளுக்காகத் தாழ்வொலிக்கு ஒன்று, உயர்வொலிக்கு ஒன்று எனப் பிரித்துவைக்கும் வழக்கம் வேரூன்றியது. நம்மவர் முன்னதை வூபர் என்றும் பின்னதை ருவீற்றர் என்றும் சொல்வர். யாருக்கு எந்த ஒலி என்று பங்கிடும் வாய்க்கால்தான் குறொஸ்ஓவர். பிரிப்புச் சுற்று எனலாம்.

தாழ்வும் உயர்வும் கலந்த ஒலியைப் பற்றி மட்டக்களப்பாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1848இல் இங்கு வந்து, இரவிலே தோணியிற் சென்று வாவியின் நாதத்தைக் கேட்ட குடியேற்றச் செயலாளர் எமர்சன் தெனன்ற், மிக மெல்லிய உயர்குரலும் மிகத் தாழ்ந்த குரலும் அதில் ஒன்றுகலந்திருந்தன என்று எழுதிவைத்தார். 1960களில் லாங் அடிகளார் என்னும் இயேசு சபைக் குரு அந்நாதத்தைப் பதிவு செய்ய, அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. தவளைக் குரல் போலவும் இடைவிடாத முழவொலி போலவும் அது இருந்ததென்பது அவர் கருத்து. பாடுமீன் எனப் புகழ்பெற்ற அந்தப் பதிவைச் சிறிய கையடக்க வானொலியிற் கேட்டவருக்கு முழவு கேட்டிராது, கூம்பு சிறிது. காரைதீவிற் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்று, 1947இல் யாழ்நூலை வெளியிட்ட விபுலானந்த அடிகள் நரம்பின் நீளத்தைக் கணக்கிட்டு இசையை ஆராய்ந்தார். இசையை அளவுகோலால் அணுகுவது இந்த மண்ணுக்குப் புதிதன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இனி வரும் கணக்கைக் கண்டு நேயர்கள் அஞ்ச வேண்டாம்.

ஆக எளிய பிரிப்புச் சுற்றை எடுத்துக்கொள்வோம். வூபரின் வழியில் ஒரு சுருள். ருவீற்றரின் வழியில் ஒரு கொள்ளளவி. இரண்டு வழிகளும் விரியலாக்கியின் அதே இரு முனைகளிலே சமாந்தரமாகச் சேர்கின்றன. 3000 ஹேர்ட்ஸிற் பங்கு மாறவேண்டும், ஒவ்வொரு ஒலிபெருக்கியும் 8 ஓம் எனின், சுருள் 0.42 மில்லிஹென்றியாகவும் கொள்ளளவி 6.6 மைக்ரோபரட்டாகவும் இருத்தல் வேண்டும். அந்த மீடிறனில் இரண்டின் தடுப்பும் தனித்தனி 8 ஓம்.

இப்போது 300 ஹேர்ட்ஸில் ஒரு தாழ்வொலி வருகிறது என்க. சுருளின் தடுப்பு 0.8 ஓம், இருப்பதாகவே தெரியாது. கொள்ளளவியின் தடுப்பு 80 ஓம். ஓட்டம் ஏறக்குறைய முழுவதும் வூபரிற் செல்லும். விரியலாக்கி காண்பது எட்டு. 12,000 ஹேர்ட்ஸில் நிலைமை தலைகீழாகும்: சுருள் 32 ஓம் என்று மறிக்கும், கொள்ளளவி 2 ஓமோடு வழிவிடும். அப்பொழுதும் விரியலாக்கி காண்பது எட்டு. இரண்டும் ஒரே வேளையில் முழுமையாக வேலை செய்வதில்லை ஆதலால், நாலு என்ற கணக்குப் பொருந்தாது. அதுவே அந்த மூன்றில் பொய்யான எண்.

“சரி, 3000இல் இரண்டும் சமமாகத்தானே வேலை செய்கின்றன? அங்கேயாவது நாலு வரவேண்டாமா?” என்று கூர்மையான நேயர் கேட்பார். இங்கேதான் ஓர் அழகு இருக்கிறது. தடை எட்டும் சுருளின் தடுப்பு எட்டும் கூடினால் பதினாறன்று. கிழக்கே எட்டு அடி நடந்து, பின் வடக்கே எட்டு அடி நடந்தவன் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பான்? 11.3 அடி. அதுபோலவே வூபர் வழியின் தடங்கல் 11.3 ஓம், ருவீற்றர் வழியினதும் அதுவே. விரியலாக்கி 8 வோற்று அழுத்தம் கொடுக்கிறது என்றால், ஒவ்வொரு வழியிலும் 0.7 அம்பியர் ஓடும். ஆனால் சுருளுள்ள வழியில் ஓட்டம் காற்சுற்றிற் பாதியளவு பிந்தி வருகிறது. கொள்ளளவியுள்ள வழியில் அதேயளவு முந்தி வருகிறது. ஆகவே இரண்டு ஓட்டங்களும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக நிற்கின்றன. மீண்டும் கிழக்கும் வடக்கும்: 0.7உம் 0.7உம் சேர்ந்து ஓர் அம்பியராகும். எட்டு வோற்றுக்கு ஓர் அம்பியர் எனின் தடங்கல் எட்டு ஓம். அந்த ஒரு புள்ளியில் மாத்திரமன்றி எல்லா மீடிறன்களிலும் கணக்கு இவ்வாறே இசைகிறது. எட்டும் எட்டும் எட்டாகின்றன.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மேலே சொன்னதெல்லாம் ஒலிபெருக்கியை வெறும் எட்டு ஓம் தடையாகக் கொண்ட கணக்கு. உண்மையான ஒலிபெருக்கி அப்படியிருப்பதில்லை.

சித்திரை வருடப்பிறப்புக்குக் கட்டும் ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அதன் இயல்பான ஆட்டத்தோடு ஒத்து உந்தினால் சுண்டுவிரலே போதும். கூம்புக்கும் அப்படியொரு இயல்பான ஆட்டம் உண்டு. பரிவு என்பது அதன் பெயர். சாதாரணமான வூபர் பெட்டியில் இது 50 ஹேர்ட்ஸுக்கும் 100 ஹேர்ட்ஸுக்கும் இடையில் அமையும். அம்மீடிறனில் கூம்பு மிகுதியாக ஆடுகிறது. ஆடும் சுருள் காந்தப்புலத்தில் எதிர்மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கிறது. அதனால் சிறிதளவு ஓட்டமே உள்ளே போகிறது. சிறிதளவு ஓட்டம் என்றால் பெரிய தடங்கல்: எட்டு என்று பெயர்பெற்ற ஒலிபெருக்கி அங்கே முப்பது, நாற்பது ஓம் காட்டும். ருவீற்றருக்கும் இதுபோன்ற ஒரு பரிவு உண்டு; பலவற்றில் அது 1000 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். பிரிப்புச் சுற்று எட்டு ஓமை எதிர்பார்த்து நிற்க, அங்கே அதற்கு இருமடங்கு எதிர்ப்பட்டால், தடுக்கவேண்டிய தாழ்வொலியைக் கொள்ளளவியால் எண்ணியபடி தடுக்க இயலாது.

உயர்ந்த மீடிறனிலோ வேறொரு தொல்லை. குரற்சுருளும் ஒரு சுருள்தானே? வூபரின் தடங்கல் மீடிறனோடு ஏறிக்கொண்டே போய், 3000 ஹேர்ட்ஸை அடையுமுன்னே எட்டைக் கடந்துவிடும். பிரிப்புச் சுற்றின் சுருள் எட்டுக்கென அளந்து சுற்றப்பட்டதாகையால் தன் வேலையை அரைகுறையாகவே செய்யும். இதற்கு மருந்து கண்டவர் தொலைபேசித் துறையில் இருந்த ஒற்றோ சோபெல் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். 1920களில் நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளுக்காக அவர் வகுத்த முறையே ஒலிபெருக்கிக்கும் உதவுகிறது. ஒரு தடையையும் ஒரு கொள்ளளவியையும் தொடராக இணைத்து, அவ்விணைப்பை வூபருக்குக் குறுக்கே வைப்பதே அந்த மருந்து. சுருள் ஏற ஏற, கொள்ளளவி இறங்கும், இரண்டும் ஈடாகும். வூபரின் கம்பித் தடை 6 ஓம், தூண்டற்றிறன் 0.5 மில்லிஹென்றி என்றால், 6 ஓம் தடையும் ஏறத்தாழ 14 மைக்ரோபரட்டும் கணக்குப்படி போதும். இரும்பு நடுத்தண்டினால் விளையும் இழப்புக் காரணமாகக் கைதேர்ந்தவர்கள் தடையைச் சற்றுக் கூட்டி, அளந்து பார்த்துத் திருத்துவர்.

இன்னொரு வழக்கமான பிழையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ருவீற்றர் அதிகம் இரைகிறது என்று அதற்குத் தொடராக 4 ஓம் தடையொன்றைச் செருகுவோர் உளர். ஓசை குறையும், உண்மை. ஆனால் கொள்ளளவி இப்போது எட்டுக்குப் பதிலாகப் பன்னிரண்டைக் காண்கிறது. பங்கு மாறும் இடம் 3000இலிருந்து 2000 ஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதே 4 ஓமைத் தொடராகவும், கூடவே 8 ஓமை ருவீற்றருக்குக் குறுக்காகவும் வைத்தால், அழுத்தம் சரிபாதியாகும். கொள்ளளவி காண்பதோ பழைய எட்டே. ஒரேயொரு தடை மேலதிகமாகச் செலவாகும். அதைச் சிக்கனம் பிடிப்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

இத்தனை ஏற்ற இறக்கத்துக்குப் பின், பெட்டியில் எழுதிய எட்டுக்குப் பொருள்தான் என்ன? அது அளந்து கண்ட எண்ணன்று, ஒரு வாக்குறுதி. தடங்கல் எந்த மீடிறனிலும் எழுதியதன் நூற்றுக்கு 80 பங்கிற் குறையாது, எட்டாயின் 6.4 ஓமுக்குக் கீழே போகாது என்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் நியமம். மேலே எவ்வளவும் போகலாம். விலை மலிந்த பெட்டிகள் எல்லாம் இவ்வாக்கைக் காக்கின்றன என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

இனி எரிந்த விரியலாக்கிக்கு வருவோம்.

அந்த இளைஞரின் பெட்டியைத் திறந்து பார்த்தபோது அதனுள் இருந்தது எளிய வகைப் பிரிப்புச் சுற்றன்று. ஒவ்வொரு வழியிலும் இரண்டு உறுப்புகள் கொண்ட இரண்டாம் படி வகை. ருவீற்றர் வழியில் ஒரு கொள்ளளவி தொடராகவும், அதன் பின் ஒரு சுருள் ருவீற்றருக்குக் குறுக்காகவும் நின்றன. இவ்வகை ஒலியை இன்னும் கூர்மையாகப் பிரிக்கும். உறுப்புகளை ஒருவிதமாகத் தேர்ந்தால் இதிலும் தடங்கல் எங்கும் எட்டாகவே நிற்கும். வேறுவிதமாகத் தேர்ந்தால் பங்கு மாறும் இடத்தில் பதினாறு வரை உயரும். உயர்வதால் தீங்கில்லை. ருவீற்றர் உயிரோடு இருக்கும்வரை எல்லாம் நலமே.

அவருடைய ருவீற்றரோ எரிந்து அறுந்திருந்தது. முந்திய ஒரு திருவிழாவில் ஒலிவாங்கி நெடுநேரம் கீச்சிட்டதென்று அவர் சொன்னார். அன்றே அது போயிருக்க வேண்டும். ருவீற்றர் இல்லாதபோது அவ்வழியில் எஞ்சுவது என்ன? கொள்ளளவி, அதன் பின் சுருள், அப்பால் மறுமுனை. 3000 ஹேர்ட்ஸில் ஒன்றின் தடுப்பும் மற்றொன்றின் தடுப்பும் சமமாகவும் எதிராகவும் இருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மீந்திருப்பது சுருட்கம்பியின் தடை மாத்திரம்: ஏறத்தாழ அரை ஓம். நான் முதலிற் சொன்ன மறைந்திருந்த எண் இதுவே. எட்டு வோற்றுக்கு ஓர் அம்பியர் கொடுக்கவேண்டிய விரியலாக்கியிடம் அந்த மீடிறனிலே பதினாறு அம்பியர் கேட்கப்படுகிறது. கேட்பது யார்? கம்பிச் சுருளும் கொள்ளளவியும். ஒலி எதுவும் தராத இரண்டு பொருள்கள்.

அன்றிரவு நடந்ததை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னபோது கதை முழுமையாயிற்று. சிலம்பின் ஓசை மங்கலாகக் கேட்டதனால், உயர்வொலியைக் கூட்டும் குமிழை அவர் கடைசிவரை திருகியிருக்கிறார். எந்த மீடிறன்களில் மின்சாரம் வெறுமனே வழிந்தோடியதோ, அதே மீடிறன்களைத் தம் கையாலேயே பெருக்கிக் கொடுத்திருக்கிறார். சிலம்பும் குரவையும் ஒருங்கே எழுந்தபோது விரியலாக்கியின் திரான்சிஸ்ரர்கள் தாங்கவில்லை. குழாய் வானொலிக் காலத்து விரியலாக்கியாக இருந்திருப்பின் ஒருவேளை தப்பியிருக்கும். அது குறுஞ்சுற்றைச் சிறிது நேரம் பொறுக்கும், ஒலிபெருக்கி பூட்டாத வெறுமையைத்தான் பொறுக்காது. திரான்சிஸ்ரருக்கு நேர்மாறான குணம். முதலிற் கூறிய எளிய பிரிப்புச் சுற்றாக இருந்திருந்தாலும் தீங்கு நேர்ந்திராது: அங்கே ருவீற்றர் அறுந்தால் வழியே அறுந்துவிடும்.

புறப்படுமுன் அவர் மீற்றர் வைத்துப் பார்த்தாராம். ஆறு ஓம் காட்டியதாம். காட்டத்தான் செய்யும். ருவீற்றர் இருந்தாலும் இறந்தாலும் நேரோட்ட மீற்றர் அறிவது வூபரை மட்டுமே.

வெளிவீதிக்கு நீண்ட கம்பி இழுப்பவர்களுக்கு ஒரு சொல். ஒரு சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியை 30 மீற்றர் தூரம் இழுத்தால், போக்கும் வரவுமாக ஓர் ஓம் தடை சேரும். தடங்கல் நாற்பதாக இருக்கும் மீடிறனில் அழுத்தத்தில் நாற்பதில் ஒரு பங்கே கம்பியில் இழக்கப்படும். ஆறாக இருக்குமிடத்தில் ஏழில் ஒரு பங்கு. ஆகவே தூரத்துப் பெட்டி மெதுவாகப் பேசுவது மாத்திரமன்றிக் குரலும் சற்று மாறிப் பேசும். தடித்த கம்பி வாங்குங்கள், வேறு மந்திரமில்லை.

அந்த இளைஞர் இப்போது தம் பெட்டிகளை வேறுவிதமாகச் சோதிக்கிறார். கைத்தொலைபேசியில் வெவ்வேறு மீடிறன்களில் ஒலியெழுப்பும் செயலியொன்றை வைத்திருக்கிறார். அதனை விரியலாக்கிக்குக் கொடுத்து, வெளிவாயில் 10 வோற்று வரும்படி அமைத்து, 1000 ஓம் தடையொன்றின் ஊடாகப் பெட்டிக்கு அனுப்புகிறார். ஓட்டம் ஏறத்தாழ 10 மில்லியம்பியர். பெட்டியின் முனைகளில் 80 மில்லிவோற்று இருந்தால் தடங்கல் எட்டு ஓம். 60 எனின் ஆறு. மலிவான மீற்றர்கள் ஆயிரம் ஹேர்ட்ஸுக்கு மேலே சரியாகக் காட்டாமற் போகலாம் என்பதால், முதலில் 8 ஓம் தடையொன்றை வைத்து ஒவ்வொரு மீடிறனிலும் மீற்றர் காட்டுவதைக் குறித்துக்கொண்டு, பின் பெட்டியை அதனோடு ஒப்பிடுகிறார். 1000 ஓம் இடையில் நிற்பதால், பெட்டிக்குள் என்ன பழுது இருந்தாலும் விரியலாக்கிக்கு ஆபத்தில்லை.

சென்ற வைகாசிக்கு முன் ஒருநாள் மாலை அவர் ஆறு பெட்டிகளை இவ்வாறு அளந்தார். ஐந்தில் முள் அளவோடு நின்றது. ஆறாவதில், மூவாயிரத்தை நெருங்கியபோது, ஐந்து மில்லிவோற்றுக்கு வீழ்ந்தது. அந்தப் பெட்டியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்ற ஐந்தையும் தோணியில் ஏற்றினார்.